381 நாள் பஸ் ஏறாதவர்கள்

சென்ற வருடம் எங்கள் விடுதியில் ஒரு போராட்டம் நடந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் மெஸ் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். உடனே மெஸ்ஸைப் புறக்கணிப்பது என்று முடிவானது. முதல் நாள் கிட்டத்தட்ட எல்லோரும் வெளியே நின்றோம். கோஷம், கைதட்டல், செல்போனில் படங்கள்... ஒரே திருவிழாதான்! இரண்டாம் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் பசி வந்தது. வெளியே ஓட்டலில் சாப்பிடக் காசு இல்லாதவர்கள்தான் முதலில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களைத் துரோகிகள் என்று திட்டினோம். அன்று இரவே நாங்களும் போய் வரிசையில் நின்றோம். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பாடத்துக்காக, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நடந்த போராட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் சுமார் 40,000 கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறவில்லை என்று ஒரு வரி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே படித்துவரும் வரிதான். ஆனால் மெஸ்ஸில் தோற்ற கையோடு படித்ததால், இதுவரை தோன்றாத ஒரு கேள்வி தோன்றியது. நாங்கள் மூன்று நாள் தாங்கவில்லை. அவர்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை என்றால், தினமும் வேலைக்கு எப்படிப் போனார்கள்?

சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேடப் போனபோது, அந்தக் காலத்துப் போராட்டங்களைப் பற்றி நான் மனதில் வைத்திருந்த படமே மாறிவிட்டது. நாம் நினைவில் வைத்திருப்பது ஒன்று, அந்தப் போராட்டங்களை ஜெயிக்க வைத்தது வேறொன்று. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நம்மைப் போன்றவர்கள் கோஷம் போட்டுவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறோம் என்பது என் கருத்து.

களைத்துப்போன தையற்காரி?

நாம் கேட்ட கதை இதுதான். வேலை முடிந்து களைப்போடு பஸ்ஸில் வந்த ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரி, ஒரு வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தார். கைதானார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கினார். வெற்றி!

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் முக்கியமானது எல்லாம் விடுபட்டிருக்கிறது. 1955 டிசம்பர் 1ம் தேதி கைதானபோது ரோசா பார்க்ஸுக்கு வயது 42. 1943லிருந்தே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக வேலை பார்த்தவர். 1955 கோடையில் டென்னசி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற பள்ளியில், நிறப் பாகுபாட்டை எப்படி எதிர்ப்பது என்று பயிற்சி எடுத்து வந்தவர். அன்று தனக்கு வழக்கத்தை மீறிய உடல் களைப்பு எதுவும் இருக்கவில்லை என்று அவரே பின்னாளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். விவரம் தெரிந்த ஒரு தொண்டர் அறிந்தே செய்த காரியத்தை, ஒரு அப்பாவிப் பெண்ணுக்குத் தற்செயலாக வந்த கோபமாக நாம் மாற்றிவிட்டோம்.

அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2ம் தேதி, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதே நகரில், அதே காரணத்துக்காகக் கைதானார். ஆனால் ஏழைக் குடும்பத்துச் சிறுபெண்ணை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். சில மாதங்களில் அவர் கர்ப்பமானதும் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பஸ் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வாங்கித் தந்த வழக்கில் வாதிகள் நான்கு பேரும் பெண்கள். அதில் ஒருவர் இந்தக் கோல்வின். ரோசா பார்க்ஸின் பெயர் அந்த வழக்கில் இல்லை.

சைக்ளோஸ்டைல் இரவு

பார்க்ஸ் கைதான இரவு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜோ ஆன் ராபின்சன் என்று ஒரு கல்லூரி ஆசிரியை. ஆங்கிலம் கற்பிப்பவர். 1949ல், ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டதற்காக டிரைவர் இவரை அடிக்காத குறையாகக் கத்தி இறக்கிவிட்டிருக்கிறார். அதை அவர் மறக்கவில்லை. பெண்கள் அரசியல் குழு என்ற அமைப்பின் தலைவியாக, 1954 மே மாதமே நகர மேயருக்குக் கடிதம் எழுதினார். பஸ்ஸில் நிலைமை மாறாவிட்டால் மக்கள் பஸ்ஸைப் புறக்கணிக்கக் கூடும் என்று அதில் எச்சரித்தார். ஆக, திட்டம் ஒன்றரை வருடமாகத் தயாராக இருந்தது!

பார்க்ஸ் கைதான செய்தி கிடைத்ததும் ராபின்சன் நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் உடன் இருந்தார்கள். ஒரு தாளில் மூன்று துண்டுப் பிரசுரம் வருகிற மாதிரி, விடிய விடியப் பல்லாயிரம் பிரதிகளைச் சைக்ளோஸ்டைல் எடுத்தார்கள். அது அரசாங்கக் கல்லூரி. தெரிந்தால் வேலை போய்விடும். காலையில் வகுப்பெடுத்துவிட்டு, பிறகு பள்ளிக்கூடம், கடை, அழகு நிலையம் என்று எல்லா இடத்துக்கும் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டிசம்பர் 5, திங்கட்கிழமை, பஸ்கள் காலியாக ஓடின.

அன்று மாலைதான் கிங் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 26. ஊருக்குப் புதியவர் என்பதால் யாரோடும் பகை இல்லாதவர், அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அடுத்த மாதமே அவர் வீட்டில் குண்டு வைத்தார்கள், அப்போதும் அவர் நிதானம் இழக்கவில்லை. ஆனால் அவர் போராட்டத்தை உருவாக்கவில்லை, போராட்டம்தான் அவரை உருவாக்கியது.

சரி, வேலைக்கு எப்படிப் போனார்கள்?

முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். நகர நிர்வாகம் சட்டத்தைக் காட்டி, குறைந்தது 45 சென்ட் வாங்கியே ஆகவேண்டும் என்றது. அந்த வழி அடைபட்டது. இரண்டு வருடம் முன்பு, 1953ல், லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் இதே மாதிரி ஒரு புறக்கணிப்பு நடந்திருந்தது. அதை நடத்திய பாதிரியாரைக் கிங் தொலைபேசியில் அழைத்து, கார்களை எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சுமார் 300 சொந்தக் கார்கள், ஆட்களை ஏற்றி இறக்க நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், நேர அட்டவணை என்று ஒரு போக்குவரத்துக் கழகத்தையே நடத்தினார்கள். காவல்துறை சின்னச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் அபராதம் போட்டது. 25 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 30 மைல் போனார் என்று கிங்கையே கைது செய்தார்கள். கார்களுக்கு உள்ளூர் இன்சூரன்ஸ் ரத்தானபோது லண்டன் வரை போய் இன்சூரன்ஸ் எடுத்தார்கள்!

பெட்ரோலுக்குப் பணம்? அதற்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணியைச் சொல்லவேண்டும். கிங் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னதால் இவருக்கு வேலை போனது. இவர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக், பை, கோழி சாண்ட்விச் செய்து விற்று, வாரா வாரம் கூட்டத்தில் பணம் கட்டினார். வெள்ளையர் வீடுகளில் வேலை பார்க்கும் பெண்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லவேண்டும். அதனால் குழுவின் பெயரே ‘எங்கிருந்தும் வராத மன்றம்’ என்று வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் போராட்டத்தில் காசில்லாத நண்பர்களுக்கு மூன்று வேளை சாப்பாடு எப்படிக் கொடுப்பது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே போனவர்கள் துரோகிகள் அல்ல, அவர்களுக்காக நாங்கள் கார் ஓட்டவில்லை. அவ்வளவுதான்.

அடி வாங்கவும் பயிற்சி

இது மாண்ட்கமரியோடு முடிந்துவிடவில்லை. 1960 பிப்ரவரி 1ம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமேயான உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். சில வாரங்களில் தென் மாநிலங்கள் முழுக்க இது பரவியது. நம் வயதுப் பிள்ளைகள் செய்த போராட்டம் இது.

பார்க்கத் தன்னெழுச்சி மாதிரி இருக்கிறது. ஆனால் டென்னசியின் நாஷ்வில் நகர மாணவர்கள் 1959லிருந்தே தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்றவர். பிறகு 1953லிருந்து 1956 வரை நம் நாக்பூரில் தங்கிக் கல்லூரி ஆசிரியராக இருந்து, காந்தியின் முறைகளை நேரில் கற்றவர். அவர் நடத்திய வகுப்புகளில் மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். ஒரு அணி வெள்ளைக்கார ரவுடிகளாக நடிக்கும். மற்ற அணியைக் கெட்ட வார்த்தையால் திட்டும், முடியைப் பிடித்து இழுக்கும், கீழே தள்ளும். இவர்கள் திருப்பி அடிக்கக் கூடாது. தலையை எப்படிக் காத்துக்கொள்வது, பக்கத்தில் அடிபடுகிறவரை எப்படி மறைத்து நிற்பது என்று மறுபடி மறுபடி பழகினார்கள்.

பிப்ரவரி 27ம் தேதி நிஜமாகவே அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு அடி வாங்கியவர்களைப் போலீஸ் கைது செய்தது. ஒரு வரிசை எழுந்து போலீஸ் வண்டிக்குப் போனதும் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. அதுவும் போனதும் இன்னொரு வரிசை! ஏப்ரலில் மாணவர்களின் வழக்கறிஞர் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரு சத்தமும் இல்லாமல் நகராட்சிக்கு நடந்து போனார்கள். அங்கே டயான் நாஷ் என்ற மாணவி மேயரிடம் ஒரே கேள்வி கேட்டார். நிறத்தை வைத்து ஒரு மனிதரை ஒதுக்குவது சரியென்று நினைக்கிறீர்களா? எல்லோர் முன்னிலையிலும் மேயர் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். மே 10ம் தேதி நாஷ்வில் கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின.

இந்த வழி இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனது மட்டுமல்ல, அங்கிருந்து இங்கேயும் வந்திருக்கிறது. 1959ல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தன்னை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் திடுக்கிட்டாலும் பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததாகவும் 1965ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். கலிபோர்னியாவின் கறுப்புச் சிறுத்தைகள் பெயரைப் பார்த்துத்தான் 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றினார்கள். அந்த மரபுப் பெயர்தான் இன்று தமிழ்நாட்டில் விடுதலைச் சிறுத்தைகள் வரை வந்திருக்கிறது.

கனவுக்குப் பின்னால் ஒரு சாண்ட்விச்

1963 ஆகஸ்ட் 28ம் தேதி வாஷிங்டன் பேரணி என்றதும் நமக்குக் கிங்கின் கனவுப் பேச்சுதான் ஞாபகம் வரும். பேரணியின் முழுப் பெயர் ‘வேலைக்காகவும் விடுதலைக்காகவும் வாஷிங்டன் பேரணி’ என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. கனவை வைத்துக்கொண்டு கூலியை மறந்துவிட்டோம்!

சுமார் 2,50,000 பேரை ஒரே நாளில் தலைநகருக்குக் கூட்டிவந்து, அசம்பாவிதம் இல்லாமல் அன்றே ஊர் திருப்பி அனுப்பியவர் பேயார்ட் ரஸ்டின். அவருக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ இரண்டு மாதம். 2,000க்கும் மேற்பட்ட பஸ்கள், 21 சிறப்பு ரயில்கள். எத்தனை கழிப்பறை, எத்தனை குடிநீர்க் குழாய், எத்தனை முதலுதவி இடம் என்று கணக்குப் போட்டார். நியூயார்க்கின் கறுப்பினப் போலீஸ்காரர்களைத் துப்பாக்கி இல்லாமல் தொண்டர்களாக நிற்கப் பழக்கினார். ஆகஸ்ட் வெயிலில் கெட்டுப்போகாத சாப்பாடு வேண்டும் என்பதால், வருகிறவர்கள் கடலை வெண்ணெய் தடவிய சாண்ட்விச் கொண்டுவரலாம் என்பது வரை கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

ரஸ்டின் ஏன் மேடையின் நடுவில் இல்லை? அவர் ஒருபாலீர்ப்பாளர். 1953ல் அதற்காகக் கைதானவர். இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று தலைவர்களில் சிலரே அவரைப் பின்னால் நிறுத்தினார்கள். பெண்கள் நிலையும் அதேதான். இத்தனை பெண்கள் உழைத்த இயக்கத்தின் பேரணியில், முக்கியப் பேச்சாளர்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. அந்த இயக்கத்தை நான் மதிக்கிறேன் என்பதற்காக இந்தக் குறையை மறைக்க முடியாது. யார் வேலை செய்கிறார்கள் என்பதும் யார் படத்தில் வருகிறார்கள் என்பதும் போராட்டத்துக்குள்ளேயே வேறு வேறாக இருந்திருக்கின்றன. வரலாற்றுப் புத்தகம் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது.

நீண்ட முடியும் எரியாத உள்ளாடையும்

அப்படியானால் ஹிப்பிகள், இசை, பூப்போட்ட சட்டை, பெண் விடுதலை எல்லாம் வெறும் வேஷமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இதே கதைதான்.

1964 இலையுதிர் காலத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தது. போலீஸ் கார் ஒன்றை மாணவர்கள் 32 மணி நேரம் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். கார் கூரை மீது ஏறிப் பேசிய மாரியோ சாவியோ, கூரைக்குச் சேதம் வரக்கூடாது என்று காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். அந்த மாணவர் அதற்கு முந்தைய கோடையில்தான் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையில் இருந்துவிட்டு வந்திருந்தார். அதே கோடையில் அங்கே மூன்று இளைஞர்கள் கொலையானார்கள். பெர்க்லியின் கோபம் வானத்திலிருந்து விழவில்லை.

பெண்ணியவாதிகள் என்றாலே உள்ளாடையை எரித்தவர்கள் என்று இன்றும் கேலி செய்கிறார்கள். 1968 செப்டம்பர் 7ம் தேதி அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டிக்கு எதிரே நடந்த போராட்டத்தில், உள்ளாடை, குதிகால் செருப்பு, பொய் இமை என்று பலவற்றையும் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார்கள். எதையும் எரிக்கவில்லை! எரியாத நெருப்பு இத்தனை வருடம் நினைவில் நிற்கிறது. ஆனால் பாஸ்டன் நகரப் பெண்கள் சிலர் கூடி, டாக்டர்கள் சொல்லாத விஷயங்களைத் தாங்களே படித்து, பெண்ணுடலைப் பற்றி 1970ல் 75 சென்ட் விலையில் ஒரு கையேடு போட்டார்களே, அது நினைவில் இல்லை. கணவனின் கையெழுத்து இல்லாமல் பெண்ணுக்குக் கடன் தர மறுக்கும் வழக்கத்தை 1974ல் சட்டம் போட்டு நிறுத்தியதும் நினைவில் இல்லை.

கறுப்புச் சிறுத்தைகள் என்றால் தோல் ஜாக்கெட்டும் துப்பாக்கியும். ஆனால் 1969 ஜனவரியில் ஓக்லாண்டில் ஒரு தேவாலயத்தில் ஏழைக் குழந்தைகளுக்குக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள், அது பல நகரங்களுக்குப் பரவியது. உளவுத்துறைத் தலைவர் எட்கர் ஹூவர் துப்பாக்கிக்குப் பயந்ததற்குக் குறையாமல் இந்த இலவச உணவுக்கும் பயந்தார். ஊர் மக்களின் அன்பு அந்தக் கட்சிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஹிப்பிகளோ, சந்தைக்கு மிக எளிதாக இரையானார்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் ஆஷ்பரியில் 1967 கோடை முடிந்ததும், அக்டோபர் 6ம் தேதி, அங்கிருந்தவர்களே ஹிப்பிக்குப் பொய்ச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். பத்திரிகைகளும் சுற்றுலாக்காரர்களும் தங்களை ஒரு சரக்காக மாற்றிவிட்டார்கள் என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது. உடையையும் பாட்டையும் விற்க முடியும். விடிகாலையில் எழுந்து இருபது குழந்தைகளுக்குச் சமைப்பதை யாராலும் டி-சர்ட்டில் அச்சடித்து விற்க முடியாது. பண்பாட்டு எதிர்ப்புக்குப் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூத்தவர்களிடம் கேள்வி கேட்கலாம், போரை மறுக்கலாம், இப்படித்தான் வாழவேண்டும் என்று விதியில்லை என்ற துணிச்சலை அது ஒரு தலைமுறைக்கே கொடுத்தது. ஆனால் துணிச்சல் கதவு வரை கொண்டுபோய் விடும், கதவைத் திறக்க வேறு வேலை இருக்கிறது.

அன்று யாரும் கைதட்டவில்லை

இன்னொரு மாயையையும் சொல்லிவிடுகிறேன். இன்று எல்லோரும் போற்றுவதால், அன்றும் பெரும்பாலோர் ஆதரித்தார்கள் என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை. வாஷிங்டன் பேரணிக்கு முன் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், அதைப்பற்றிக் கேள்விப்பட்டவர்களில் 60 சதவீதம் பேர் எதிர்ப்பாகவே இருந்தார்கள். 1966ல் கிங்கைப் பற்றித் தவறான அபிப்பிராயம் கொண்டிருந்தவர்கள் 63 சதவீதம். 1970 மே 4ம் தேதி கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மீதே பழி போட்டார்கள். 11 நாள் கழித்து மிசிசிப்பியின் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களை நினைவுகூர ஒரு புகழ்பெற்ற படம்கூட இல்லை.

நம் காலத்தில் யாராவது சாலையில் உட்கார்ந்தால், "கோரிக்கை சரிதான், முறைதான் தவறு. காந்தி, கிங் மாதிரி அமைதியாகச் செய்யக்கூடாதா?" என்று சொல்கிறோம். கிங்கைப் பார்த்தும் அன்று அதையேதான் சொன்னார்கள்! எல்லோருக்கும் பிடித்த போராட்டம் என்று ஒன்று நடக்கும்போது இருப்பதில்லை. நடந்து முடிந்து ஐம்பது வருடம் கழித்துத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

ஜெயித்ததும் முடிந்துவிடுமா?

1964ல் குடிசார் உரிமைகள் சட்டம், 1965ல் வாக்குரிமைச் சட்டம் வந்தன. பாடப்புத்தகம் அங்கே முற்றுப்புள்ளி வைக்கிறது. ஆனால் நிறப் பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டும் என்ற ஏற்பாட்டை, 2013ல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு செயலிழக்க வைத்துவிட்டது. 1973ல் பெண்கள் வென்ற கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை 2022ல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இவை சரியா தவறா என்று அங்கே பெரிய விவாதம் நடக்கிறது. நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. வாங்கிய உரிமை தானாக நிற்காது. ஒரு தலைமுறை கார் ஓட்டி வாங்கியதை அடுத்த தலைமுறை பேச்சை மட்டும் கேட்டுக் காப்பாற்ற முடியாது.

தலைவரை மட்டும் நினைவில் வைத்தால் என்ன ஆகும்? நாமும் ஒரு தலைவர் வருவார் என்று காத்திருப்போம். பேசத் தெரியாத நமக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்கிக்கொள்வோம். நமது கோழைத்தனத்துக்கு வரலாறே சாட்சி சொல்லும். ராபின்சனையும் கில்மோரையும் ரஸ்டினையும் நினைவில் வைத்தால் அந்தச் சாக்குப்போக்குக்கு இடமில்லை. எல்லோராலும் கிங் மாதிரி பேச முடியாது, ஆனால் எல்லோராலும் கேக் செய்ய முடியும், வண்டி ஓட்ட முடியும், நோட்டீஸ் கொடுக்க முடியும், பெயர்ப் பட்டியல் எழுத முடியும். இந்தக் கதை அதனால்தான் நமக்கு வசதியாக இல்லையோ என்னவோ!

இந்த வருடமும் மெஸ் கட்டணம் ஏறும் என்று பேச்சு அடிபடுகிறது. போன வாரம் அறையில் பத்துப் பேர் கூடி மறுபடியும் புறக்கணிப்பு பற்றிப் பேசினோம். ஒருவன் என்ன கோஷம் போடலாம் என்று ஆரம்பித்தான். நான் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியே சாப்பிடக் காசில்லாதவர்கள் எத்தனை பேர், யார் வீட்டில் சமைக்கலாம், அரிசிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் தன் அத்தை வீட்டில் பெரிய குக்கர் இருக்கிறது என்றான்.

அந்த நோட்டில் இப்போது பதினேழு பெயர்கள் இருக்கின்றன.